செம்புக் கோட்டில் ஒரு வெட்டு

ஓவனைப் பழுதுபார்க்க வந்த நிலூஷா செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் சுந்தரலிங்கம் கேட்டுவிட்டார்.

"ஏன், உங்கட கடையில ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?"

"கடையே என்னோடதுங்க சார்."

அவர் நகரவில்லை. கதவுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றபடி அவளுடைய பையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அரசாங்கத் திணைக்களமொன்றில் முப்பது வருடம் மின் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"எந்த ஊர்?"

"மடுல்கெல்லைத் தோட்டங்க. இப்ப பிலிமத்தலாவையில இருக்கேன்."

"அதுதானே பார்த்தன்," என்றார். எதைப் பார்த்தார் என்று சொல்லவில்லை. அவள் கேட்கவுமில்லை. இந்த மாதிரி 'அதுதானே'க்களை அவள் பதினோரு வருடமாகக் கேட்டு வருகிறாள்.

உள்ளேயிருந்து அவருடைய மனைவி சத்தியபாமா வந்து, "வழியை விடுங்கோ, நான்தான் வரச் சொன்னனான்," என்று சொன்ன பிறகுதான் அவர் விலகினார்.

அனிவத்தையில் மேட்டுப் பக்கம் பார்த்த வீடு. குசினியில் பெரிய மின்சார ஓவன் ஒன்று. பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்ற சத்தியபாமா, ஐந்து வருடமாக அதில் கேக் செய்து விற்கிறார். கண்டியில் பல வீடுகளின் பிறந்தநாள் அவருடைய கேக்கோடுதான் நடந்தது. மூன்று கிழமைக்கு முன்னால் ஒரு காலை ஓவன் சூடாகவில்லை. கெலிஓயாவிலிருந்து வந்த ஒரு மெக்கானிக், உள்ளே இருக்கிற மின்சுற்றுப் பலகை, அதாவது போர்ட், போய்விட்டது, பழைய மாடல், புதுப் போர்ட் எங்கும் கிடைக்காது, தூக்கிப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வருகிற ஞாயிறு ஒரு கலியாண ஓடர் இருந்தது.

"ஓவனை நான் பார்த்திட்டன். போர்ட்தான் பிழை. இவவுக்கு நான் சொன்னா விளங்காது," என்று சுந்தரலிங்கம் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு, அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்தார்.

நிலூஷா ஓவனைப் போட்டுப் பார்த்தாள். மணிக்கூட்டு இலக்கங்கள் தெரிந்தன. உள்விசிறி சுற்றியது. வெப்பத்தைக் கூட்டினாலும் சூடு மட்டும் வரவில்லை. கம்பிகளுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே போடுகிற 'டிக்' சத்தமும் கேட்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின் தகட்டைக் கழற்றினாள். சூடாக்கும் கம்பிகளை மீட்டரில் அளந்தாள். நன்றாக இருந்தன.

"உந்தக் கம்பியை ஏன் அளக்கிறீர்? நான்தானே சொன்னன், போர்ட் எண்டு."

"நானும் பாத்தாத்தான் எனக்குத் தெரியுங்க."

"படிப்பு என்ன?"

"தொழிற்பயிற்சி நிலையத்துல ரெண்டு வருசம்."

அவர் மூக்கால் சிரித்தார். அவள் போர்ட்டைக் கழற்றி மேசையில் பழைய பத்திரிகை மேல் வைத்தாள். ரிலேக்கு வெளியிலிருந்து பன்னிரண்டு வோல்ட் கொடுத்தாள். 'டிக்' என்றது. திரும்பக் கொடுத்தாள். 'டிக்.'

"ரிலே நல்லாருக்கு," என்றாள் சத்தியபாமாவிடம். "சூடாக்குனு சொல்ற சிக்னல்தான் இதுக்கு வந்து சேரல. நடுவுல எங்கயோ நிக்குது."

அந்தச் சிக்னல் வருகிற மெல்லிய செம்புக் கோட்டின் இரண்டு முனையிலும் மீட்டரின் ஊசிகளை வைத்தாள். கோடு முழுசாக இருந்தால் மீட்டர் கூவும். கூவவில்லை. பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தாள்.

அந்த நேரம் முன்னறையில் தொலைபேசி அடித்தது. கலியாண வீட்டார். சத்தியபாமா எழுந்து போனார்.

சுந்தரலிங்கம் கதிரையை முன்னால் இழுத்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"கண்ணாடியை வை. சரிவராது எண்டு சொல்லிப்போட்டுக் கிளம்பு."

"என்னங்க?"

"இந்த ஒழுங்கையில எத்தினை வீடு உன்னைக் கூப்பிடுது எண்டு எனக்குத் தெரியும். இஞ்ச குடியிருப்பாளர் சங்கத் தலைவர் ஆர் தெரியுமோ? நான். நான் ஒரு சொல்லுச் சொன்னா, இனி ஒரு வீட்டுப் படியும் ஏறமாட்டாய்."

எதற்காக இந்த மனிதர் இப்படிப் பதறுகிறார் என்று நிலூஷாவுக்குப் பிடிபடவில்லை. கண்ணாடியைக் குனிந்து பிடித்தாள். பிடிபட்டது.

கோட்டின் நடுவே ஒரு வெட்டு. எரிந்து போனதல்ல, அரித்துப் போனதுமல்ல. பிளேடை வைத்து நேராக இழுத்த வெட்டு. மேலே வெளியில் தெரியாதபடி வார்னிஷ் பூசியிருந்தது.

அவள் நிமிர்ந்தபோது சத்தியபாமா வாசலில் நின்றார்.

"என்ன பிள்ளை, ஏதும் தெரிஞ்சதோ?"

இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கிப் போயிருக்கலாம். வாய் வரை வந்தது.

"இது தானாப் போன பழுதில்லம்மா. யாரோ வெட்டியிருக்காங்க."

சத்தியபாமா வந்து கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இவள்தான் வெட்டினவள்!" சுந்தரலிங்கம் எழுந்துவிட்டார். "நீர் அங்கால போன நேரத்தில வெட்டிப்போட்டுக் கதை விடுறாள். உவையின்ர வேலையே இதுதான். பொலிசுக்குப் போன் அடிக்கிறன், பொறும்."

"அடிங்க சார்," என்றாள் நிலூஷா. "வெட்டு மேல வார்னிஷ் காஞ்சு, அதுக்கு மேல தூசியும் படிஞ்சிருக்கு. நான் வந்து ஒரு மணித்தியாலந்தான் ஆகுது. வர்றவங்களும் பாக்கட்டும்."

சத்தியபாமா கணவர் பக்கம் திரும்பினார். அந்த வீட்டில் வார்னிஷ் போத்தல் யாருடைய மேசையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

"எப்ப செய்தனீங்கள்? நான் கோயிலுக்குப் போன வெள்ளிக்கிழமையோ?"

அவர் ஒரேயடியாக வெடித்தார்.

"ஓம்! நான்தான். வேற என்ன செய்யச் சொல்லுறீர்? என்ர கந்தோரில எனக்குக் கீழ வேலை செய்தவன், என்ர வாசலில வந்து நிண்டு, 'சேர், ரெண்டு கிலோ கேக் ரெடியோ?' எண்டு கேக்கிறான். நான் பெட்டியைத் தூக்கிக் கொண்டுவந்து அவன்ர கையில குடுக்கவேண்டிக் கிடக்கு. நான் என்ன, கடைப் பெடியனோ?"

"மூண்டு கிழமை," என்றார் சத்தியபாமா. "மூண்டு கிழமையா நான் ஒவ்வொரு ஆளுக்கும் போன் அடிச்சு மன்னிப்புக் கேட்டன். நீங்கள் பக்கத்தில இருந்து பேப்பர் வாசிச்சுக்கொண்டு இருந்தனீங்கள்."

"வெளியாள் முன்னால கதையாதையும்."

"வெளியாள்தான் எனக்கு உண்மை சொன்னது." அவர் அலுமாரியைத் திறந்து ஒரு டோர்ச்சை எடுத்துக் கணவரின் நெஞ்சுக்கு நேரே நீட்டினார். "பிடியுங்கோ. பிள்ளைக்கு வெளிச்சம் காணாது."

அவர் வாங்கமாட்டார் என்றுதான் நிலூஷா நினைத்தாள். சத்தியபாமாவின் கை இறங்கவேயில்லை. கடைசியில் வாங்கினார்.

நிலூஷா வார்னிஷைச் சுரண்டினாள். வெட்டின் இரண்டு பக்கமும் செம்பு பளபளக்கும்வரை தேய்த்தாள். மயிர் போன்ற ஒரு கம்பித்துண்டைக் குறுக்கே வைத்து, சூடான ஈயக்கோலால் ஈயத்தை உருக்கி இரண்டு முனையிலும் ஒட்டினாள். வெளிச்சம் ஆடிக்கொண்டே இருந்தது.

"கொஞ்சம் அசையாமப் பிடிங்க சார்," என்றாள். அவருடைய மூச்சு அவள் தலைக்கு மேல் புஸ்புஸ் என்று வந்தது. அந்த ஈயக்கோலை இந்த ஆளின் கையில் வைத்தால் என்ன என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. வேலையைப் பார்த்தாள்.

மீட்டர் கூவியது. போர்ட்டைப் பூட்டிப் பிளக்கைச் செருகி வெப்பத்தைக் கூட்டினாள். 'டிக்.' சிறிது நேரத்தில் கண்ணாடிக் கதவு சுடத் தொடங்கியது. யாரும் சிரிக்கவில்லை. சுந்தரலிங்கம் டோர்ச்சை அணைக்காமலே மேசையில் போட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினார்.

சத்தியபாமா பிரதான வீதிவரை அவளோடு நடந்து வந்தார்.

"நான் போன் கதைக்கப் போன நேரம் அவர் உங்களிட்ட ஏதோ சொன்னவர், என்ன?"

"சரிவராதுனு சொல்லச் சொன்னாரு."

"பிறகேன் நீங்கள் சொல்லேல்லை?"

நிலூஷா யோசித்தாள். "நான் முடியாதுனு விட்ட போர்ட்ட நாளைக்கு வேற ஒருத்தன் சரிபண்ணிட்டா எனக்குத்தானேம்மா அசிங்கம்."

சத்தியபாமாவின் முகம் லேசாக இளகி, உடனே பழையபடி இறுகியது. பஸ் வந்தது.

சுந்தரலிங்கம் சொன்னதைச் செய்தார். அந்தக் கிழமையே ஒழுங்கையில் மூன்று வீட்டார் அவளை வரவேண்டாம் என்றார்கள். ஒருத்தி மட்டும் காரணம் சொன்னாள்: "நீங்க குடும்பத்துக்குள்ள சண்டை மூட்டுறீங்களாமே."

ஒரு மாதம் கழித்துச் சத்தியபாமா அழைத்தார். கேக் வேலைக்கென்று கட்டுகஸ்தோட்டையில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்திருந்தார். ஓவனை லொறியில் கொண்டுவந்தாயிற்று, மின் இணைப்பைச் சரிபார்க்க வேண்டும். நிலூஷா போனாள். காலை எட்டுக்கு வந்து மாலை ஆறுக்கு வீடு திரும்புவதாகச் சத்தியபாமா சொன்னார்.

"ஐயா?" என்று நிலூஷா தயங்கிக் கேட்டாள்.

"வீட்டிலதான். சமைச்சு வைச்சிட்டுத்தான் வாறன். சாப்பிடுறார்." முட்டை அடித்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. "என்னோட கதைக்கிறேல்லை. நானும் கதைக்கிறேல்லை."