வாயில் வைத்த நூல்

முன்னறையில் இரண்டு தையல் மெஷின்கள். ஒன்று அவளுக்கு, இன்னொன்று தம்பிக்கு. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ஏழு வாரக் குழந்தை தூங்கியது. அவசரப்பட்டு எட்டாம் மாதமே பிறந்த குழந்தை.

“ஆறு மாசம் ஆகாம இதுக்கு ஃப்ளூ ஊசி போட முடியாதும்மா. கூட இருக்கிற நீங்க எல்லாரும் போட்டுக்குங்க” என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அவளும் புருஷனும் மறுநாளே போட்டுக்கொண்டார்கள். தம்பி மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு மாதம் ஓட்டினான்.

“நாள் முழுக்க ஊசியோட குடித்தனம் பண்றே. இந்த ஊசிக்கு ஏன்டா உதறுது?”

“அந்த ஊசியால நான் குத்துவேன்க்கா. இது என்னையில்ல குத்தும்!”

சனிக்கிழமை காலை மாஸ்க்கோடு வந்தான். கண் சிவந்திருந்தது.

“காய்ச்சலா?”

“வெறும் ஜலதோஷம். அதான் மூடிக்கிட்டு வந்திருக்கேன்ல.”

அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய நாற்பது பள்ளிக்கூடச் சட்டைகள் அவள் வாயை அடைத்தன. ஜன்னலை விரியத் திறந்துவிட்டு அவனை உட்காரவிட்டாள்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவன் மெஷினில் நூல் அறுந்தது. மாஸ்க்கைத் தாடைக்கு இழுத்துவிட்டு, நூல் முனையை உதட்டில் வைத்து நனைத்து, ஊசிக் காதில் கோத்தான். பிறகு மாஸ்க்கை ஒழுங்காக ஏற்றிக்கொண்டான். பதினைந்து வருஷப் பழக்கம், அவனுக்கே தெரியாது. அவள் நூல் தீர்ந்தால் அதே நூல்கண்டைத்தான் எடுப்பாள். அவளும் அப்படியே வாயில் வைத்துத்தான் கோப்பாள். அதே கையோடு பால் கொடுக்கப் போவாள்.

“எழுந்திரு.”

“என்னக்கா?”

“டாக்டரைப் பாத்துட்டு வீட்டுல படு. காய்ச்சலும் இருமலும் நல்லா விடாம இந்தப் படி ஏறாதே.”

“அப்ப சட்டை?”

“அது என் தலைவலி.”

“நான் ஒருத்தன் இருமினா உலகமே முழுகிடுமா?”

“உலகம் எப்படியோ போகட்டும். உள்ள தூங்குறது மூணு கிலோகூட இல்ல.”

முணுமுணுத்துக்கொண்டே போனான். நூல்கண்டைக் குப்பையில் போட்டாள். மெஷினைத் துடைத்தாள், சோப்புப் போட்டுக் கை கழுவினாள். பள்ளிக்கூட கிளார்க்குக்குப் போன் போட்டாள்.

“திங்கட்கிழமை இருபதுதான் சார். மிச்சம் வியாழக்கிழமை.”

அவர் குதித்தார்.

“எவ்வளவு குதிச்சாலும் வியாழன்தான் சார்.”

புருஷன் பட்டன் தைக்க உட்கார்ந்தான். முதல் சட்டையையே தன் லுங்கியோடு சேர்த்துத் தைத்தான். அவள் மாஸ்க் போட்டுக்கொண்டு பால் கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு வாரம் அப்படிப் போயிற்று. நெற்றி சுடவே இல்லை.

ஒன்பதாம் நாள் காய்ச்சலும் இருமலும் விட்டு, தம்பி இளைத்துப்போய் வந்தான். உட்காரவிடவில்லை. நேராக நர்ஸிடம் இழுத்துப்போனாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

“முடிஞ்சுது, எழுந்திருங்க.”

“குத்தவே இல்லையே?”

திரும்பி வந்து மெஷினில் உட்கார்ந்தான். இரண்டு மெஷினிலும் அவள் புதிதாக வாங்கிக் கட்டிய, நூல் கோக்கும் சின்னக் கம்பி கயிற்றில் தொங்கியது. முதல் நூல் அறுந்ததும் அவன் கை தானாக வாய்க்குப் போனது.

அவள் தலையைத் தூக்கவில்லை.

“வாயில வச்சே, இன்னொரு ஊசி.”

கை இறங்கிக் கம்பியைத் தேடியது.