வழுக்காத துணி

மூன்று நாடுகளிலிருந்து மூன்று பேர் சேர்ந்து எடுத்த படம் அது. கையில் காசில்லாதவர்கள், ஆனால் வீம்புக்குக் குறைவில்லை. அவர்களுக்குள் ஒரு விதி இருந்தது: தான் எடுத்ததைத் தானே வெட்டக் கூடாது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு அல்லவா? ஒருவர் எடுத்ததை இன்னொருவர் தொகுக்க வேண்டும். அதுவும் பேச்சு புரியாமல், முகத்தையும் கையையும் மட்டும் பார்த்து. என்ன பேசினார்கள் என்பது கடைசியில், சப்டைட்டில் எழுதும்போது தெரிந்தால் போதும். இந்த விதியைக் கொண்டுவந்தவள் மூவரில் ஒருத்தியான அவள்தான்.

வீட்டிலிருந்தே வேலை செய்யும் பெண்களைப் பற்றிய படம். தன் பங்குக்கு அவள் சொந்த அக்காவை எடுத்திருந்தாள். அக்கா தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடைகள் தைப்பவள். அதைத் தொகுத்தவன் கடல் கடந்து இருக்கும் தொப்பி. எந்த நேரம் கூப்பிட்டாலும் தலையில் தொப்பியோடு திரையில் வந்து நிற்பவனுக்கு வேறென்ன பெயர் வைப்பது?

காலையில் அவன் அனுப்பியதை ஓடவிட்டவள் எட்டாவது நிமிடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். படப்பிடிப்புக்கு முன்னால் ஃபோகஸ் பார்க்க ஓடவிட்ட துண்டு அது. அழிக்க மறந்து மற்றதோடு மற்றதாக அனுப்பியிருக்கிறாள். அக்கா நூலைப் பல்லால் கடித்து, நிமிராமலே சொல்கிறாள்:

"அம்மா படுக்கையில கிடந்த நாலு மாசமும் நீ எட்டிப் பாக்கல. இப்ப என் கையைப் படம் பிடிக்க வந்துட்டே."

கேமராவுக்குப் பின்னாலிருந்து அவளுடைய குரல்: "சும்மா இரு அக்கா, வெளிச்சம் போயிடும்."

உடனே தொப்பி கூப்பிட்டான். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம்தான்.

"பாத்தியா? அந்த நாப்பது விநாடிதான் படத்தோட உயிர். என்ன சொல்றாங்க?"

"வேலையைப் பத்தித்தான்."

"வேலையைப் பத்தின்னா?"

"துணி வழுக்குதாம்."

"துணிக்கா இந்த முகம்! நடிக்க வந்திருந்தா நம்மளையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டிருப்பாங்க. நாலு மணிக்குள்ள சப்டைட்டில் வரிகளை அனுப்பிடு. திரைப்பட விழாக்காரங்க வச்ச கெடு."

வெட்டச் சொல்லலாம். ஏன் என்று கேட்பான். விதி போட்டவளே வாய் திறந்து என்ன சொல்ல? 'இந்தத் துணி வழுக்குகிறது' என்று ஆங்கிலத்தில் அடித்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஒரு வரிக்குள் அது நன்றாகவே மறைந்தது. பத்து நாட்டுக்காரர்கள் பார்ப்பார்கள், ஒருவருக்கும் தெரியாது.

அவளை உறுத்தியது அக்கா சொன்னதுகூட இல்லை. தன் குரல்தான். அதில் கோபமில்லை, வெட்கமில்லை. ஜன்னலுக்கு வெளியே ஹாரன் அடித்தால் எப்படிச் சலித்துக்கொள்வாளோ அப்படி ஒரு சலிப்பு. காதில் விழுந்ததை அன்றைக்கு இரைச்சலாக எண்ணி ஒதுக்கியிருக்கிறாள்.

படத்தில் இருப்பவர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் அனுப்ப முடியாது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மதியம் அக்கா வீட்டுக்குப் போனாள்.

அக்கா கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தாள். எட்டாவது நிமிடம் வந்தது, போனது. அக்காவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"நிறுத்து. அந்த இடத்துல கீழ என்னமோ எழுதியிருந்துதே, என்னது?"

"துணி வழுக்குதுன்னு போட்டேன்."

"அடிப்பாவி, அது சீருடைத் துணிடி. சாக்கு மாதிரி இருக்கும். அது எங்க வழுக்கும்? தைக்கிறவ எவளாவது பாத்தா என்னை என்ன நெனைப்பா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை.

"நான் சொன்னதைப் போடு."

"எல்லாரும் பாப்பாங்கக்கா."

"பாக்கட்டும். நான் ஒண்ணும் பொய் சொல்லலியே. நீ சொன்னதையும் போடு. என்னை மட்டும் பேசவிட்டா நான்தான் வாயாடின்னு ஆயிடும்."

கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே அக்கா கேட்டாள்: "அந்த நாலு மாசமும் எங்கடி இருந்தே?"

"வேலைன்னு சொன்னேனே."

"அது போன்ல சொன்னது."

இந்தக் கேள்விக்கு அவளிடம் மூன்று பதில்கள் தயாராக இருந்தன. மூன்றும் ஊர் ஊராகச் சொல்லித் தேய்ந்தவை. வாயில் வந்தது நாலாவது.

"அம்மாவுக்கு ஞாபகம் போயிட்டு வருதுன்னு சொன்னே. என்னைப் பாத்து யாருன்னு கேட்டுட்டா... பயந்துட்டேன்கா."

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"கேட்டிருப்பாங்கதான். கூடவே கிடந்தேன், என்னையே கேட்டாங்களே. தையல்காரின்னேன். அப்படியா, அளவு எடுத்துக்கோம்மான்னு ரெண்டு கையையும் நீட்டினாங்க."

"நீ என்ன பண்ணே?"

"வேற என்ன பண்றது? டேப்பை எடுத்து அளந்தேன். தோள், கை, மணிக்கட்டு. எல்லாம் பாதியாயிருந்தது." அக்கா மூக்கை உறிஞ்சினாள். "அன்னைக்கு நீ இருந்திருந்தா எழுதிக்கவாவது ஒரு ஆள் இருந்திருக்கும். அவ்வளவுதான்டி என் கோபம்."

தாளை இழுத்துக் கையெழுத்தைப் போட்டுவிட்டு அக்கா மெஷினுக்குத் திரும்பினாள்.

மணி மூன்றேகால். அவள் பழைய வரியை அழித்தாள். அக்கா சொன்னதை எழுதுவது சுலபமாக இருந்தது. தன்னுடையதற்குத்தான் நேரம் பிடித்தது. ஆங்கிலத்தில் அது இன்னும் கடுமையாகத் தெரிந்தது. 'தயவுசெய்து' என்று ஒரு சொல்லைச் சேர்த்துப் பார்த்தாள். அப்படி அவள் சொல்லியிருக்கவில்லை. எடுத்துவிட்டாள்.