அவசரம் என்று போட்ட விதி

ஆம்புலன்ஸ் ஊழியன் டுவேன் ரெஸக் மைக் முன்னால் வந்து நின்றபோது மார்லிஸ் ட்வெய்ட் காபியில் பால் கலந்துகொண்டிருந்தாள். ஒமாஹா ஓட்டல் ஒன்றில் மாநிலங்களுக்கிடையேயான ஆம்புலன்ஸ் ஊழியர் ஆணையம் கூடியிருந்தது. தெற்கு டகோட்டாவின் உறுப்பினர் அவள்.

மாநில எல்லை தாண்டி வேலை செய்யும் ஆம்புலன்ஸ் ஊழியர்கள் கைரேகையை மறுபடி பதிய வேண்டும், பதியாதவர்கள் எல்லை தாண்டக் கூடாது. வசந்த காலத்தில் இதை அவசர விதியாகப் போட்டிருந்தார்கள். அவசர விதிக்கு முன்னறிவிப்பு கிடையாது, கருத்துக் கேட்பு கிடையாது; சட்டமன்றங்களுக்கும் போக வேண்டாம். கை தூக்கிய அன்றே எல்லா மாநிலத்திலும் அது சட்டம். மார்லிஸும் கை தூக்கியிருந்தாள். அதை நிரந்தரமாக்கத்தான் இன்றைய கூட்டம்.

"எங்க ஊர்ல கைரேகை மெஷின் ஒண்ணே ஒண்ணுதான்" என்றான் டுவேன். "என்கூட வண்டில வேலை பாக்கிறவருக்கு முறை வர்றதுக்குள்ள கெடு முடிஞ்சிருச்சு. ஆத்துக்கு அந்தப் பக்கம், பக்கத்து மாநிலம் நெப்ராஸ்காவுல, ஒரு அம்மாவுக்குப் பக்கவாதம். எங்க வண்டிய பாலத்துக்கு இந்தப் பக்கமே நிறுத்தச் சொல்லிட்டாங்க. வேற வண்டி போய்ச் சேர்றதுக்குள்ள அவங்களுக்குப் பேச்சு போயிருச்சு. இன்னும் வரல."

"கேக்கவே வருத்தமா இருக்கு" என்றார் தலைவர் கெய்ன்ஸ்.

"வருத்தத்த விடுங்க சார். அப்படி என்ன அவசரம்? அதச் சொல்லுங்க."

"கைரேகைய வச்சிருந்த கம்ப்யூட்டர் கம்பெனியோட ஒப்பந்தம் முடியுற நேரம். புதுசுக்கு மாறியாகணும். வழக்கப்படி போனா மாசக்கணக்கா இழுக்கும்."

மார்லிஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். போலி உரிமத்தோடு யாரோ வேலைக்குள் நுழைந்துவிட்டதால்தான் இந்த அவசரம் என்று அவள் நினைத்திருந்தாள். அப்படி யாரும் சொல்லவே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. அவளும் கேட்கவில்லை.

ஆணையத்தின் வழக்கறிஞர் பக்கம் திரும்பினாள். "கம்ப்யூட்டர் மாத்துறதுக்கு அவசர விதி போட நமக்கு அதிகாரம் இருக்கா?"

அவர் தலைவரை ஒருமுறை பார்த்தார். "இல்ல மேடம். மக்கள் உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தாத்தான். மாநிலங்க சேந்து இந்த ஆணையத்த அமைச்ச ஒப்பந்தத்துல அப்படித்தான் இருக்கு."

"அன்னைக்கு ஏன் சொல்லல?"

"என்னை யாரும் கேக்கல."

விதியைத் திரும்பப் பெறும் தீர்மானத்தை மார்லிஸே கொண்டுவந்தாள். கெய்ன்ஸைத் தவிர எல்லாரும் கை தூக்கினார்கள்.

வெளியே, வண்டி நிறுத்தும் இடத்தில் டுவேனைப் பிடித்தாள்.

"நானும் அன்னைக்குக் கை தூக்கினவதான்."

"தெரியும். யார் யார் ஓட்டுப் போட்டீங்கன்னு பாத்துட்டுத்தான் வந்தேன்."

"பேச்சு போன அந்தம்மா பேரு என்ன?"

"வில்மா. கதவத் தட்டினா வந்து திறப்பாங்க. அதுக்கு மேல எதுவும் எதிர்பாக்காதீங்க."

"அவங்க வீட்டுக்கு வழி சொல்லுங்க."

அவன் விரலில் சுற்றிக்கொண்டிருந்த சாவியைப் பையில் போட்டான். பிறகு, பாலம் தாண்டியதும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்லத் தொடங்கினான்.