டேங்க் கழுவிய இடத்து மண்

மருந்தடிப்பவர் வீட்டுக்குள் நுழைந்தால் கொசுக்கள் செத்து விழுந்தன. ஊரில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டேங்கை முதுகில் சுமந்து அத்தனை வருடம் அடுத்தவர் வயல்களில் பூச்சிமருந்து அடித்தவர் உடம்பில் அது ஊறாமல் எங்கே போகும் என்றார்கள். பயறு மூட்டையில் வண்டு வைத்தால் அவரைத்தான் கூப்பிட்டார்கள். "அண்ணே, சித்த நேரம் மூட்டை மேல உக்காந்துட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்." அவரும் போய் உட்கார்ந்தார். காபி கொடுத்தார்கள். அவர் தெருமுனை திரும்பியதும் டம்ளரைத் தூக்கிப் போட்டார்கள்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து மகள் பிறந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. ஆஸ்பத்திரியில் குழந்தையைப் பார்க்கக் குனிந்தார். பக்கத்து ஜாடியில் இருந்த பூக்கள் தலை தொங்கின. அப்படியே பின்வாங்கி வெளியே வந்துவிட்டார். அன்றிலிருந்து கொல்லைக் கொட்டகையில்தான் படுக்கை. மகள் குப்புற விழுந்தது, தவழ்ந்தது, பல் முளைத்தது எல்லாவற்றையும் கம்பிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தார். அவள் கை நீட்டினால் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பெத்த அப்பன்தானே நீங்க? கடன்காரன் மாதிரி வெளியவே நிக்கிறீங்க," என்றாள் மனைவி.

"தொட்டு, ஏதாவது ஆயிட்டா?" என்றார்.

மனைவியின் தங்கை மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். விடுமுறைக்கு வந்தவள், கொல்லையில் தண்ணீர்ப் பம்புக்குப் பக்கத்தில் அவர் தினமும் டேங்க் கழுவும் இடத்தைப் பார்த்தாள். ஒரு புல்கூட இல்லை. அங்கே ஒரு பிடி மண்ணைப் பாட்டிலில் அள்ளிக்கொண்டு போனாள். அடுத்த முறை வந்தபோது அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மாமா, அங்க ஒண்ணுமே உயிரோட இருக்காதுன்னு நெனச்சேன். கோடிக்கணக்குல குடியிருக்குதுங்க. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. உங்க மருந்தையே சோறாத் தின்னு பழகிடுச்சுங்க."

"என்னையும் தின்னுமா?"

"உங்களைத் தின்னாது. உங்ககிட்ட இருக்கறதைத் தின்னும்."

அக்காளும் தங்கையும் அங்கே நீளமாகப் பள்ளம் தோண்டி, எருவைக் கலந்து, அவரைப் படுக்கவைத்துக் கழுத்துவரை மூடினார்கள். மண் முதலில் சும்மா இருந்தது. பிறகு வெதுவெதுப்பாகி, கன்றுக்குட்டி நக்குவதுபோல் பாதத்திலிருந்து மெல்ல மேலேறியது. அவருக்குத் தூக்கமா விழிப்பா என்று தெரியாத ஒரு நிலை. மருந்தடித்த வயல்களெல்லாம் ஒவ்வொன்றாகக் குதிகால் வழியே தன்னைவிட்டு இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். மழைக்காலம் வந்து போனது. மனைவி வேளாவேளைக்கு ஊட்டினாள், தலைக்குக் குடை பிடித்தாள். தபால்காரர் அவர் தலைமாட்டில் குந்தி ஊர்க்கதை பேசிவிட்டுப் போனார். ஒரு காலையில் எறும்பு ஒன்று அவர் மூக்கில் ஏறி, கண்ணோரமாக நடந்து, சாவகாசமாக இறங்கியது. அவர் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

தோண்டி எடுத்ததும் நேராக வீட்டுக்குள் ஓடினார். "குளிச்சிட்டுத் தூக்குங்க!" என்று மனைவி கத்தியது அவர் காதில் விழவில்லை. சேற்றுக்கையோடு மகளை வாரி எடுத்தார். அவள் அவர் காதைப் பிடித்து இழுத்தாள். நன்றாக வலித்தது. சிரித்துக்கொண்டே அழுதார்.

அதன்பிறகு அவர் டேங்கைத் தொடவில்லை. அந்த மண்ணைக் கூடை கூடையாகச் சுமந்துபோய், தான் மருந்தடித்த வயல்களிலெல்லாம் தூவினார். வெளிறிக் கிடந்த நிலங்கள் கறுத்தன, பயிர் இடுப்பளவு எழுந்தது. மூட்டைகளில் வண்டு மறுபடி வைத்தது. ஊர் கொஞ்சநாள் முணுமுணுத்து ஓய்ந்தது. மகள் உடம்பிலிருந்துதான் அந்தச் சேறு முழுதாகப் போகவே இல்லை. அவள் உருண்டு படுத்த பாயில் காலையில் புல் நின்றது. மனைவி அதைக் கிள்ளிவிட்டுப் பாயைச் சுருட்டினாள். பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம், அவள் உட்கார்ந்திருந்த மர பெஞ்சு துளிர்த்தது. ஆசிரியை அதை வெயில் படும் பக்கமாக இழுத்துப் போடச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார்.