இருபத்து மூன்று ஒன்றுகள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். அதை மறைத்துக் கதை சொல்லத் தெரியாது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கில்பட்டைக் குழுவிலிருந்து நீக்கச் சொல்லிக் கடிதம் எழுதியது நான்தான்.

புத்தளத்தில் நாங்கள் படித்த கல்லூரியில், இரண்டாம் வருடம் மென்பொருள் பொறியியலைக் குழுவாகத்தான் செய்ய வேண்டும். எங்கள் குழுவில் மூன்று பேர். தலைவி ஃபஸ்னா, அதாவது நான், நிரல் எழுதுவேன். ஷானிகா திரைகளை வடிவமைப்பாள். ஆலங்குடாக்காரன் கில்பட் ஆட்களைப் போய்ப் பார்ப்பான். மாம்புரிப் பக்கம் மரக்கறித் தோட்டம் செய்பவர்கள் நாளைக்கு எத்தனை மூட்டை வரும் என்று முதல் நாளே போனில் பதிந்துவிட்டால், லொறி எங்கே நிற்க வேண்டும், இடம் போதுமா என்று சாரதிக்குத் தெரிந்துவிடும். அதற்கான ஆப்தான் எங்கள் வேலை.

புதன்கிழமை தோறும் எங்கள் விரிவுரையாளர் சரீப் சேருக்கு வார அறிக்கை போக வேண்டும். என்ன செய்தோம், அடுத்து என்ன செய்வோம், எது தடையாக இருக்கிறது என்று ஆளாளுக்கு எழுதித் தலைவிக்கு அனுப்ப வேண்டும். தலைவி ஒன்றாக்கி சேருக்கு அனுப்புவாள்.

ஆறாம் வாரம் ஆப்பைப் பரீட்சித்துப் பார்த்தோம். கில்பட் போனுடன் போய் இருபத்து மூன்று தோட்டக்காரர்களிடம் பதிந்து வந்தான். திறந்து பார்த்தேன். முதலாவது ஆளுக்கு ஒரு மூட்டை, இரண்டாவது ஆளுக்கும் ஒரு மூட்டை. கடைசி ஆள் வரைக்கும் ஒன்று, ஒன்று, ஒன்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இருபத்தி மூணு பேருக்கும் ஒரு மூட்டையா? யாருக்குப் பூச்சுத்துற?" என்று கன்டீனில் வைத்தே கேட்டேன்.

"அவங்க சொன்னதத்தான் போட்டன். காரணம் அறிக்கையில இருக்கு" என்று சொல்லிவிட்டு அவன் தேத்தண்ணியைக் குடித்தான். நான் கத்தும்போது ஒருவர் அமைதியாக இருந்தால் எனக்குக் கோபம் இன்னும் கூடும்.

அறிக்கையில் தடை என்ற இடத்தில் எழுதியிருந்தான்: 'மூட்டைக் கணக்கைக் கேட்டால் ஆட்கள் சொல்லமாட்டார்கள். அந்தக் கேள்வியையே மாற்ற வேண்டும்.' மூன்று வாரம் முதுகு நோக எழுதியது என்னுடைய நிரல். இவன் கடலோரத்தில் வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலையில் சறுக்கி விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு இருந்த இடத்திலேயே ஒன்று ஒன்றாகத் தட்டிவிட்டு, பிழையை என் தலையில் கட்டுகிறான் என்று நினைத்தேன். அந்த வரியை வெட்டினேன். 'கில்பட் எதையும் செய்யவில்லை. தரவு போலி' என்று எழுதி, நீக்கக் கோரும் கடிதத்தையும் சேர்த்தேன். ஷானிகாவை நச்சரித்துக் கையொப்பம் வாங்கினேன். நீக்கப்பட்டால் அவன் அடுத்த வருடம் ஜூனியர் பிள்ளைகளோடு இருந்து அந்தப் பாடத்தை மறுபடி படிக்க வேண்டும். அது தெரிந்தேதான் எழுதினேன்.

சரீப் சேர் கடிதத்தைப் படித்தார். "போலி எண்டதுக்கு ஆதாரம் கொண்டு வாங்க. வாற புதன் ரெண்டு பக்கத்தையும் கேட்டு முடிவு சொல்றன்" என்றார்.

ஆதாரம் தேடிச் சனிக்கிழமை நானும் ஷானிகாவும் கற்பிட்டி பஸ் ஏறினோம். மாம்புரியில் இறங்கியதும் முதலில் கண்டது கில்பட்டின் பட்டியலில் இருந்த மக்டலின் ஆன்ட்டியின் தோட்டம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பீட்றூட். பிடுங்கினால் முப்பது மூட்டைக்குக் குறையாது. ஆன்ட்டி தண்ணீர்க் குழாயை இழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

"நாளைக்கு எத்தன மூட்டை வரும் ஆன்ட்டி?"

"ஒண்டு மகள்."

"இவ்வளவு இருக்கே."

"ஒண்டெண்டே போடுங்க. பிடுங்கிக் கட்டி லொறியில ஏத்தினாப் பிறகு எண்ணலாம். மண்ணுக்குள்ள கிடக்கிறத எண்ணி வாயால சொன்னா கண்ணூறு பட்டுப் போகும். கில்பட் தம்பியும் வெயிலுக்குள்ள வீடு வீடா நடந்து கேட்டார். எல்லாரும் இதத்தான் சொன்னம்."

எனக்குத் தெரியாத விசயமா இது? ஏ.எல் பரீட்சையில் எனக்கு மூன்று ஏ வந்தபோது, கேட்டவர்களுக்கெல்லாம் உம்மா, "ஏதோ பாஸாகியிருக்கா" என்றுதான் சொன்னார். அந்த உம்மாவின் பிள்ளை நான், 'எத்தனை' என்று கேட்டு, எண்ணைப் போடாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவே முடியாதபடி பூட்டும் போட்டு வைத்திருந்தேன். நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஷானிகா மெதுவாகச் சொன்னாள்: "கடிதத்த வாபஸ் எடுப்பம், கில்பட் தப்பிருவான். நீ வரிய வெட்டினது ஒருத்தருக்கும் தெரியாது. சேர் வாசிச்சும் கணக்கெடுக்கல்ல எண்டுதான் அவனும் நினைச்சிட்டிருக்கான். அதையும் ஏன் சொல்லணும்?"

அவள் சொன்னது எனக்கும் பிடித்திருந்தது. பஸ் பாலாவிக்கு வரும் வரைக்கும் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு, வெயிலில் வீடு வீடாக நடந்தவனின் ஒரே வரியை வெட்டிய கை என் மடியில்தான் கிடந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

புதன்கிழமை சரீப் சேருக்கும் மற்ற இருவருக்கும் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டிய வரியை உரக்க வாசித்தேன். சேர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கடிதத்தைத் திருப்பித் தந்தார். எனக்குப் பத்துப் புள்ளிகளைக் குறைத்தார். "இனிக் குழுத் தலைவர் கில்பட். அறிக்கைய அவருக்கு அனுப்புங்க" என்றார். அவ்வளவுதான்.

வெளியே தாழ்வாரத்தில் கில்பட் எனக்காக நின்றான். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும் முன்பே அவன் கேட்டான்.

"அந்த வரிய வாசிக்காம வெட்டினியா, வாசிச்சிட்டு வெட்டினியா?"

வாசிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவசரத்தில் கை தவறிவிட்டது என்றாலும் அவன் நம்பியிருப்பான்.

"வாசிச்சிட்டுத்தான்."

அவன் முகம் சிவந்து, பிறகு மெல்ல ஆறியது.

"எனக்கு இன்னும் மனசு ஆறல்ல ஃபஸ்னா. எப்ப ஆறுமெண்டும் தெரியாது" என்றான். "சனிக்கிழம எட்டு மணி பஸ்ஸுக்கு வா. மூட்டைக் கணக்க விட்டுட்டு, லொறி நிக்கணுமா, அதுல பெரிய இடம் வேணுமா எண்டு மட்டும் கேட்டுப் பாப்பம். இந்த முறை நீ கேளு, நான் எழுதுறன்."

நான் ஓம் என்றேன்.