எண்பத்தேழாம் பக்கம்

அல்போன்சம்மாளுக்குப் பொறுமை அதிகம் என்று மாதா கோவிலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். பொறுமையாவது மண்ணாங்கட்டியாவது! பன்னிரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள், அவ்வளவுதான்.

1975-இல் அவள் புருஷன் ஆம்ப்ரோஸ் சிங்கப்பூரில் ஓர் அரபு நாட்டுத் தூதருக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். தூதர் பெயர் ரவூப். ஒரு மத்தியானம் ஆசைப்பட்டுத் தானே ஸ்டியரிங்கைப் பிடித்த ரவூப், சிராங்கூன் ரோட்டில் ஒரு கிழவரை இடித்துத் தள்ளினார். கிழவர் அங்கேயே செத்துப்போனார். தூதரை எந்தப் போலீசும் தொட முடியாது. ஆனால் அவருடைய ஊரில் மந்திரி பதவி காத்திருந்ததே, பேர் கெடலாமா? "இன்சூரன்ஸ் காகிதம், கையெழுத்துப் போடு" என்று ஆம்ப்ரோஸிடம் ஒரு தாளை நீட்டினார். முதலாளி சொல்லைத் தட்டாத அப்பாவி, படிக்காமலே போட்டான். வண்டியை ஓட்டியது தான்தான் என்று அவனே எழுதிக்கொடுத்ததாக இருந்தது அந்தத் தாளில்.

கோர்ட்டில் கத்திப் பார்த்தான். கையெழுத்து அவனுடையதாயிற்றே, யார் நம்புவார்கள்? பதினான்கு மாதம் உள்ளே இருந்தான். வெளியே வந்தபின் ஃபேரர் பார்க்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மேசை துடைத்தான். அதற்குள் ரவூப் ஊருக்குப் போய் மந்திரியாகிவிட்டிருந்தார்.

1987-இல் அந்த மனுஷர் ஓய்வுபெற்று சிங்கப்பூருக்கே வந்து சேர்ந்தார். தன் பிரதாபங்களைப் புத்தகமாகப் போட டைப்பிஸ்ட் தேடினார். டைப்பிங் தெரிந்த அல்போன்சம்மாள் போய் நின்றாள். டிரைவருக்குப் பெண்டாட்டி உண்டா என்றுகூடக் கேட்காதவருக்கு அவளை எப்படித் தெரியும்?

அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். அடித்த தாள்களைக் கோப்பில் வைத்து மூலையை மட்டும் மடித்துக் காட்டினால், ஒவ்வொன்றிலும் இனிஷியல் போடுவார். படிக்கமாட்டார். "படிப்பது குமாஸ்தா வேலை. பத்து வருஷம் இப்படித்தான் நாட்டை நடத்தினேன்" என்பார்.

கதை எழுபத்தைந்தாம் வருஷத்துக்கு வந்தது. ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருந்தால் அவள் விட்டிருப்பாள். அவரோ, "என் டிரைவர் குடிகாரன். ஒருவரைக் கொன்றான். நான் மன்னித்தேன்" என்றார்.

ஒரு சொட்டு நாக்கில் படாத மனுஷனையா! அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எண்பத்தேழாம் பக்கத்தில், அவரே ஒத்துக்கொள்வதுபோல, நடந்ததை நடந்தபடியே அடித்தாள். ரவூப் இனிஷியல் போட்டார்.

புத்தகம் அச்சாகி வெளியீட்டு விழாவுக்கு நாளும் குறித்தார்கள். விஷயம் தெரிந்து வீட்டில் ஆம்ப்ரோஸ் பதறினான். "வேணாம்லா அல்போன்சா, பெரிய எடம்."

"நீங்க சும்மா இருங்க. சனிக்கிழமை ஃபங்ஷனுக்கு வெள்ளைச் சட்டை போட்டுட்டு வந்துருங்க."

ஹோட்டல் மண்டபத்தில் தூதர்களும் வியாபாரிகளும் நிறைந்திருந்தார்கள். பதிப்பாளர் பாலகிருஷ்ணன் மைக்கைப் பிடித்தார். "செய்த தப்பை இவ்வளவு தைரியமாக ஒத்துக்கொண்ட பெரிய மனிதரை நான் பார்த்ததில்லை" என்று உருகிவிட்டு, எண்பத்தேழாம் பக்கத்தை வாசிக்க ஆரம்பித்தார். முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருந்த ரவூப்பின் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது.

"நான் சொன்னதில்லை இது!" என்று எழுந்து கத்தினார்.

பாலகிருஷ்ணன் குழம்பிப்போய் மூலப்பிரதியைப் புரட்டிக் காட்டினார். "உங்கள் இனிஷியல்தானே சார்?"

"படிக்காமல் போட்டுவிட்டேன்!"

கடைசி வரிசையில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தவனின் கையைப் பிடித்து எழுப்பி, முன்னால் அழைத்து வந்தாள் அல்போன்சம்மாள்.

"இவரும் படிக்காமல்தான் போட்டார், சார்."