துப்பாக்கி இல்லாத பெட்டி

'பருந்து' யார் என்று காரைக்குடியில் ஒருவருக்கும் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் குருநாதன் அந்தப் புனைபெயரில் வருஷக்கணக்காக விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தார். பிழைப்புக்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். கை அரிப்புக்கு வாரப் பத்திரிகை. சினிமா, நாடகம், புதிதாக வந்த சாமான், எதுவானாலும் பருந்து ஒரு கொத்துக் கொத்தும். இடைவேளையில் எழுந்து வந்த படத்துக்குக்கூட முடிவு சப்பென்று இருக்கிறது என்று எழுதிவிடுவார். யார் கேட்கப் போகிறார்கள்?

எழுபத்தெட்டாம் வருஷம் வைகாசியில் ஒருத்தி கேட்க வந்தாள்.

சாலா. அவரிடம் டைப்ரைட்டிங் படித்தவள். தை மாதம் கொத்தமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டவள். கையில் அந்த வாரப் பத்திரிகை இருந்தது.

"சார், இது நீங்கதானே எழுதுனீக?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை. கல்யாணத்தன்று சீர்ச் சாமான்களைப் பரப்பி வைத்திருந்தபோது, அவள் அண்ணன் பினாங்கிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேம் பெட்டியைக் குனிந்து பார்த்து, இது என்னம்மா என்று விசாரித்த ஒரே ஆள் அவர்தான். மற்றவர்கள் பக்கத்திலிருந்த டெலிவிஷனைப் பார்த்து, படமே வராத ஊரில் இதை வைத்து என்ன செய்வது என்று சிரித்துவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார்கள்.

குடும்பப் பெண்களின் கையில் துப்பாக்கியைக் கொடுத்து ஆளைச் சுடப் பழக்கும் விளையாட்டு என்று பருந்து எழுதியிருந்தது. பெட்டியின் அட்டைமேல் ஒருவன் துப்பாக்கியால் குறிபார்க்கும் படம் இருந்தது வாஸ்தவம். அந்தப் படத்தைப் பார்த்ததோடு சரி. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று குருநாதன் திறந்துகூடப் பார்க்கவில்லை.

விமர்சனத்தைப் படித்த மாமியார் சிட்டாள் ஆச்சி அன்றைக்கே பெட்டியை அறையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். புருஷன் பினாங்குக் கடைக்குத் திரும்பிவிட்ட வீட்டில், சாலாவும் நாத்தனார் நீலாவும் சாயங்காலம் சேர்ந்து சிரித்ததெல்லாம் அந்தப் பெட்டிக்கு முன்னால்தான். பூட்டியதைக்கூடச் சாலா பொறுத்துக்கொள்வாளாம். இப்படிப்பட்ட சாமானைத் தங்கச்சிக்குக் கொடுத்த அண்ணன் என்ன மாதிரி ஆள் என்று ஆச்சி ஒரு வார்த்தை கேட்டாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லையாம்.

"நீங்க வந்து உள்ளதைச் சொன்னீகன்னாப் போதும் சார்."

மறுநாள் பஸ்ஸில் போகும்போது குருநாதன் உள்ளதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் யோசித்தார். பருந்து தன் சிநேகிதர், அச்சுக் கோத்தவர் தப்பாகக் கோத்துவிட்டார் என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தபோது கொத்தமங்கலம் வந்துவிட்டது.

மருமகளின் டைப்ரைட்டிங் வாத்தியார் என்று ஆச்சி மரியாதையாக உட்காரச் சொன்னார். சார் ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டுப் பேசட்டும் என்று சாலா கேட்டதும் அறையைத் திறந்துவிட்டார். பெட்டியை டெலிவிஷனில் மாட்டினாள் சாலா. கறுப்புத் திரையில் இரண்டு வெள்ளைக் கோடு, நடுவில் ஒரு புள்ளி. கோடுதான் மட்டை, புள்ளிதான் பந்து. துப்பாக்கி வேண்டுமென்றால் கடையில் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டுமாம்.

குருநாதன் கோட்டை நகர்த்தும் குமிழைப் பிடித்தார். பந்து அவரைத் தாண்டிப் போனது. கோட்டை மேலே கொண்டுபோனால் பந்து கீழே போனது. நீலா வாயைப் பொத்திக்கொண்டாள். தோற்று முடித்தபோது அவருக்குக் காது சுட்டது. ஆனால் மனசுக்குள் ஒரு வாக்கியம் ஜம்மென்று வந்து உட்கார்ந்துவிட்டது. 'திறமைக்கு வேலையே இல்லாத, வெறும் குருட்டு அதிர்ஷ்ட விளையாட்டு.' நல்ல வாக்கியம். பருந்து எழுதலாம்.

"தள்ளுங்க, நான் பாக்குறேன்" என்று ஆச்சி வந்து உட்கார்ந்தார். அவரும் சாலாவிடம் தோற்றார். குருநாதனைவிட மோசமாக.

குமிழைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எனக்குக் கை ஓடல. அதுக்குப் பெட்டி என்ன பண்ணும்? வெளையாட்டு நல்லாத்தான் இருக்கு."

குருநாதனுக்குத் தன் வாக்கியம் நினைவுக்கு வந்தது. அதே பெட்டி, அதே தோல்வி. உடம்பு கூசியது. பஸ்ஸில் தயாரித்து வைத்த பொய் எங்கே போனதென்று தெரியவில்லை.

"பருந்து நாந்தான் ஆச்சி. ஆடிப் பாக்காம, அட்டையைப் பாத்துட்டு எழுதிட்டேன்."

ஆச்சி கோபப்பட்டிருந்தால் தேவலை. நிதானமாகக் கேட்டார்.

"பொங்கலுக்கு ஒரு படம் வந்துச்சு. குப்பைன்னு எழுதியிருந்தீக. நீலா அம்புட்டுக் கெஞ்சுனா, நாந்தான் கூட்டிட்டுப் போகல. அதையாச்சும் முழுசாப் பாத்தீகளா?"

திரையில் பந்து ஆளில்லாமல் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

"பாதி பாத்தேன்" என்றார்.

நீலா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஆச்சி இடுப்பிலிருந்த சாவியை எடுத்துச் சாலாவிடம் கொடுத்தார். உங்க அண்ணனை அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றும் சொன்னார். குருநாதன் கும்பிட்டு எழுந்து, அடுத்த இதழிலேயே மாற்றி எழுதிவிடுவதாகச் சொன்னார்.

"எழுதுங்க. ஆனா அந்தப் பருந்து வேணாம். நீங்க யாரு, எந்த ஊரு, எம்புட்டுப் பாத்தீக, ஆடித் தோத்தீகளா செயிச்சீகளான்னு சொந்தப் பேருல எழுதுங்க. நம்புறதா வேணாமான்னு அப்பறம் நாங்க பாத்துக்கிருவோம்."

பஸ் நிறுத்தத்தில் வெயிலில் நின்று முதல் வரியை மனசுக்குள் எழுதிப் பார்த்தார். 'காரைக்குடி குருநாதன் ஆகிய நான்...' அதற்கு மேல் ஓடவில்லை. பஸ் வந்தது. கண்டக்டர் கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை. கிளம்பிப் போய்விட்டது.